நூறு வோல்ட் ஊர்

ஜூன் 2, செவ்வாய்

ஜப்பானில் நகோயாவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். தீபன் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். கல்யாணம் முடிந்து ஒரு வாரம்தான் ஒன்றாக இருந்தோம். பிறகு அவர் கம்பெனி வேலையாக இங்கே வந்துவிட்டார், நான் விசாவுக்காக ஈரோட்டுப் பக்கம் கோபியில் காத்துக் கிடந்தேன். ஆக, இது எங்களுடைய இரண்டாவது வாரம். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, சடையை. எனக்கு அப்படித்தான் பட்டது. சிங்கப்பூரில் விமானம் மாறும்போதே கழிவறைக்குப் போய் எண்ணெய் தொட்டுப் படிய வைத்துக்கொண்டேன், அதனால் தப்பித்தேன்.

வீடு சின்னது, சுத்தமாக இருக்கிறது. அடுப்படியில் நம் ஊர் மிக்ஸி. அதைப் பார்த்ததும் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது. பாத்ரூம் கதவைக் காட்டி, "உள்ள யாராவது மயக்கம் போட்டு விழுந்தா, வெளிய இருந்து காசு வச்சுத் திருகித் திறக்கலாம்" என்றார். தாழ்ப்பாளில் வெளிப்பக்கமாக ஒரு கீறல் இருக்கிறது. வந்த முதல் நாளே ஏன் மயக்கத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"பாஸ்போர்ட்டைக் குடு, பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கித் தன் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டார். பேச ஆளில்லாத ஊர் என்பதால் இதில் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 3, புதன்

சூடாகவே இல்லை.

அவர் எழுந்திருக்கும் முன்பே எழுந்து, பாத்ரூம் கதவுக்குள் முன்பக்கமாக இருக்கிற வாஷ்பேசின் அறைக்குள் போய், முடியை நேராக்குகிற ஸ்ட்ரெய்ட்னரைச் செருகினேன். மல்லிகா சித்தி ஈரோட்டில் வாங்கித் தந்த அடாப்டர் கச்சிதமாகப் பொருந்தியது. "உலகம் பூரா செட் ஆகும்னு கடைக்காரன் சத்தியம் பண்றான் புள்ள" என்று சித்தி சொல்லியிருந்தாள். சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. காத்திருந்தேன். தகட்டைத் தொட்டுப் பார்த்தால், ஆறிப்போன காபி டம்ளர் மாதிரி இருந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில் 220-240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. போனில் தேடிப் பார்த்தேன். இந்த ஊரில் நூறு வோல்ட்தானாம். பிளக் பொருந்தினால் மட்டும் போதாதாம். சித்தி, உங்கள் கடைக்காரனை வந்து பார்த்துக்கொள்கிறேன்.

விஷயத்தை எழுதிவிடுகிறேன். என் முடி சுருட்டை. அலை அலையாக, அழகாக என்று சொல்வார்களே, அது இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் தலை இரண்டு மடங்காகிவிடும். முதலில் பார்க்க வந்த இடங்களில் "புள்ள நல்லா இருக்குது, முடிதான்" என்று இழுத்துவிட்டுப் போனார்கள். தீபன் வீட்டார் வந்த அன்று கோபியில் பார்லர் வைத்திருக்கும் சித்தி விடியற்காலையிலேயே வந்து, கொத்துக் கொத்தாகப் பிரித்து, இஸ்திரி போடுகிற மாதிரி இழுத்துவிட்டாள். தீபனுடைய அம்மா, "சடையை அவுத்துக் காட்டு கண்ணு" என்றார். அவிழ்த்தேன். பட்டு நூல் மாதிரி விழுந்தது. அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எங்க பையனுக்கு ஒரே ஆசைங்க, நீள முடி நேரா இருக்கோணும்" என்றார். அப்பா பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"கல்யாணமாயிட்டா எல்லாம் சரியாயிரும்" என்றாள் சித்தி. எதைச் சொன்னாள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கல்யாணமான அந்த ஒரு வாரமும் இதே ஸ்ட்ரெய்ட்னரோடு விடியும் முன்பே எழுந்தேன்.

ஜூன் 4, வியாழன்

எண்ணெயை ஊற்றி இறுக்கிப் பின்னிவிட்டேன். "என்ன இவ்வளவு எண்ணெய்?" "உடம்பு சூடுங்க." அவர் மட்டும் ராத்திரி தூங்கும்போது தலைக்குக் குல்லா போட்டுக்கொள்கிறார். ஏசி குளிராம்.

ஜூன் 5, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றே சொல்வேன்.

தேங்காய்ச் சட்னி அரைக்கப் போனபோதுதான் கவனித்தேன், மிக்ஸி நேராகச் சுவரில் செருகியிருக்கவில்லை. கீழே ஒரு இரும்புப் பெட்டி, செங்கல்லை விடக் கனம், மேலே கைப்பிடி. அதிலிருந்துதான் மிக்ஸிக்குக் கரண்ட் வருகிறது. சாயங்காலம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "டிரான்ஸ்பார்மர். நூறை இருநூத்திருபது ஆக்கும். இல்லாட்டி நம்ம ஊர் மிக்ஸி ஓடாது" என்றார். அப்புறம், "இங்க வாங்கின சாமானை மட்டும் இதுல செருகிடாத. எரிஞ்சு போயிடும்" என்றார். தலையாட்டினேன்.

ஜூன் 6, சனி

விடியலில் அடுப்படியில் நின்று, மிக்ஸிக்குப் பக்கத்தில், டிரான்ஸ்பார்மரில் ஸ்ட்ரெய்ட்னரைச் செருகி, முழுத் தலையையும் முடித்தேன். நன்றாகக் காய்ந்தது. பெட்டி மட்டும் "உம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருக்கிறது. அந்த முனகலில் அவர் எழுந்துவிடுவாரோ என்று ஒரு காது படுக்கையறைப் பக்கமே இருந்தது. ஒவ்வொரு கொத்தை இழுக்கும்போதும் கதவைப் பார்த்துக்கொண்டேன்.

எழுந்து வந்ததும் முடியைத் தொட்டுப் பார்த்தார். "இதான் எனக்குப் பிடிச்சது" என்றார். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். நான் சட்னி அரைக்கத் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

இன்று அவர் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டவர் வெளியே வரவே இல்லை. ஒரு படம் பார்த்து முடித்துவிடலாம், அவ்வளவு நேரம். உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை. பிறகு ஹேர் டிரையர் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரோ என்று பயந்து தட்டினேன்.

"தட்டாத! ஞாயித்துக்கிழமை நான் உள்ள இருந்தா தட்டவே கூடாது, புரியுதா?"

அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதில்லை. கை அப்படியே நின்றுவிட்டது. அவர் வெளியே வந்தபோது நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாடை வந்தது. ஆம்பிளைக்கு எதற்கு அது? உள்ளே யாரிடமாவது போனில் பேசுகிறாரோ? இல்லை, என்னிடம் மறைத்து ஏதாவது வைத்தியம் பார்த்துக்கொள்கிறாரோ? கல்யாணத்தன்று அட்சதை அவர் தலையில் ஒட்டியிருந்ததை எடுத்துவிடக் கையை நீட்டினேன், பின்னால் நகர்ந்துகொண்டார். குலதெய்வத்துக்கு அவர் மொட்டை போடுவதாக வேண்டுதலாம், அதையும் அத்தை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளி வைத்துவிட்டார். தலையில் ஏதோ கட்டி இருக்குமோ என்று ஒரு யோசனை. கடவுளே, அப்படி இருக்கக் கூடாது.

ஜூன் 10, புதன்

சாப்பிடும்போது ஆபீஸ் கதை சொன்னார். யாரோ ஒருவர் போட்டோவைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டாராம், பெண் நேரில் வேறு நிறமாம்.

"போட்டோல ஒண்ணு, நேர்ல ஒண்ணு. நானா இருந்தா அன்னைக்கே பிளைட் ஏத்தியிருப்பேன். ஏமாத்தறவங்க கூட ஒரே வீட்டுல எப்படி இருக்கறது?"

"பாவம்ங்க அந்தப் பொண்ணு."

"என்ன பாவம்? ஏமாத்தினது அவதானே?"

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். திருப்பி அனுப்பிவிட்டால் கோபியில் நான் யார்? "ஜப்பான்ல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்களாம்" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசுவார்கள். தங்கை மதுமிதாவுக்கு இப்போதுதான் இடம் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பா மறுபடியும் பேப்பருக்குள் போய்விடுவார், இந்த முறை வெளியே வரமாட்டார்.

ஜூன் 12, வெள்ளி

சட்னியில் முடி.

விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கருகியிருக்கு" என்றார். "அடுப்புல பட்டிருக்கும்ங்க." "நம்ம வீட்டு அடுப்பு கரண்ட் அடுப்பு. நெருப்பே இல்லையே." முடியைத் தட்டின் ஓரத்தில் நீட்டி வைத்துவிட்டு மிச்ச இட்லியைச் சாப்பிட்டார். அது நேராகத்தான் கிடந்தது, நல்லவேளை.

ஜூன் 13, சனி

அடுப்படி ஆகாது. இடத்தை மாற்றிவிட்டேன். டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு போய் வாஷ்பேசின் அறையில் அழுக்குத் துணிக் கூடைக்குப் பின்னால் வைத்து, அங்கே இருக்கிற ஒரே பிளக் பாயின்ட்டில் செருகினேன். அந்த இரும்புப் பெட்டியிலிருந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த, எந்த பிளக்கும் பொருந்துகிற எக்ஸ்டென்ஷன் போர்டை இழுத்து மேல் தட்டில் வைத்துக்கொண்டேன். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டால் முனகல் கேட்பதில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, அவர் எழும் முன் அடுப்படியில் மிக்ஸிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். கைகள் வலிக்கின்றன. திருடப் போகிறவர்கள் கூட இவ்வளவு சுமக்க மாட்டார்கள்.

ஜூன் 14, ஞாயிறு

இன்றும் பாத்ரூம், தாழ்ப்பாள், டிரையர், வாடை. நான் தட்டவில்லை.

மழைக்காலம் தொடங்கிவிட்டதாம். காற்றே ஈரமாக இருக்கிறது. காலையில் இழுத்துவிட்ட முடி மதியத்துக்குள் நெற்றி ஓரத்தில் சுருண்டுகொள்கிறது. ஹேர்பின் குத்திக் குத்தித் தோல் எரிகிறது. ஆபீசில் எல்லோரும் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போகிறார்கள், குடும்பத்தோடு கூப்பிடுகிறார்கள் என்றார். எனக்குத் திக்கென்றது. நான் வாயைத் திறக்கும் முன் அவரே, "அங்கெல்லாம் போக வேண்டாம். பொதுவுல குளிக்கறது எனக்குப் பிடிக்காது" என்று சத்தம் போட்டார். நான் எதுவும் கேட்கவே இல்லையே. ஆனாலும் பெரிய நிம்மதி.

ஜூன் 17, புதன்

மழை. மழை. மழை. வெளியே போகவில்லை.

ஜூன் 20, சனி

அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

அவருடன் வேலை செய்பவரின் மனைவி நிர்மலா அக்கா, மதுரைக்காரர், பூங்காவில் ஏதோ நீலப் பூ பூத்திருக்கிறது என்று எல்லோரையும் கூப்பிட்டார். தப்பிக்க முடியவில்லை. நானும் இவரும் ஒரே குடையில் நடந்தோம். இவர் குடையைத் தலையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார், எனக்குப் பாதி தோள் நனைந்தது. திடீரென்று பெருங்காற்று. குடை உள்பக்கம் வெளியாகத் திரும்பிக்கொண்டது. அவர் அதை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பூங்காவில் இருந்த மண்டபத்துக்குள் ஓடினார். காற்றுக்கு இவ்வளவு பயப்படும் மனுஷனை நான் பார்த்ததில்லை. தலைவலி வந்துவிட்டதோ என்று நான் பின்னாலேயே போனேன். அதற்குள் முழுக்க நனைந்திருந்தேன். பின்னல் அவிழ்ந்திருந்தது.

மண்டபத்தில் நின்று துவட்டத் துவட்ட அது எழும்பியது. ஒவ்வொரு சுருளாக. என்னால் நிறுத்த முடியவில்லை.

"அட, உனக்குச் சுருட்டை முடியா பிரவீணா? எவ்வளவு அழகா இருக்கு! ஏன் இத்தனை நாளா இழுத்துக் கட்டிக்கிட்டிருந்த?" நிர்மலா அக்கா நல்ல மனசோடுதான் சொன்னார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவரும் பார்த்தார். தலையை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பார்த்தார்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார்.

"எத்தனை நாளா?"

"பொறந்ததுல இருந்துங்க."

நான் எகத்தாளம் பேசுவதாக நினைத்துவிட்டார். உண்மையைத்தான் சொன்னேன், வேறு எப்படிச் சொல்வது? "குடும்பமே சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க" என்றார். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. போனை எடுத்து டிக்கெட் போட்டார். வியாழக்கிழமை, எனக்கு மட்டும். திரையை என் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"நாளைக்கு எங்கம்மா, உங்கப்பா ரெண்டு பேரையும் வீடியோ கால்ல கூப்பிடறேன். நீ இதே தலையோட வந்து உக்காரணும். எண்ணெய் வைக்கக் கூடாது, கட்டக் கூடாது. எல்லாரும் பாக்கட்டும்."

அப்பா பார்ப்பாரே. அது மட்டும்தான் மனதில் ஓடுகிறது.

ஜூன் 21, ஞாயிறு

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியம் வீடியோ கால். அதற்குச் சற்று முன் அவர் "கீழ கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்று போனார். கதவு சாத்தியதும் எனக்குள் ஏதோ கிளம்பிவிட்டது. அப்பா அந்தத் தலையைப் பார்க்கக் கூடாது. அவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கக் கூடாது. டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், கூடைக்குப் பின்னால் வைத்தேன், போர்டைத் தட்டில் வைத்தேன், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். வலது பக்கம் முடித்துவிட்டேன். இடது பக்கம் ஆரம்பிக்கும்போது வாசல் கதவுச் சத்தம்.

"எவ்வளவு நேரம்? வெளிய வா, நான் ரெடியாகணும்."

ஸ்ட்ரெய்ட்னரைப் பிடுங்கிச் சூட்டோடு துண்டில் சுற்றிக் கூடைக்குள் போட்டேன். கூந்தலை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் முகத்தைக் கூடப் பார்க்காமல் உள்ளே போய்த் தாழ் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை.

அப்போதுதான் நினைவு வந்தது. டிரான்ஸ்பார்மர் ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டை அதற்கு எடுத்துக்கொண்டுவிட்டேன். தட்டின் மேல் இருப்பது என் போர்டு மட்டும்தான். அவருடைய டிரையர் இந்த ஊரில் வாங்கியது.

தட்டவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் கதவுக்கு முன்னால் நின்றேன். கூப்பிட்டேன். "ஏனுங்க, அந்த போர்டுல செருகாதீங்க" என்றேன். சொன்னேன், நிச்சயமாகச் சொன்னேன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

டிரையர் ஊளையிட்டது. அப்படி ஒரு சத்தத்தை அது போட்டதே இல்லை. பிறகு "படார்" என்று ஒன்று. அவர் அலறல். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

செத்துவிட்டார் என்றே நினைத்தேன். நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். மேசை மேல் கிடந்த நாணயத்தை எடுத்துத் தாழ்ப்பாள் கீறலில் வைத்துத் திருகினேன், இரண்டு முறை வழுக்கியது. திறந்தது. உள்ளே கருகல் வாடை, புகை, இருட்டு. போன் வெளிச்சத்தை அடித்தேன்.

தரையில் உட்கார்ந்திருந்தார். உயிரோடுதான். டிரையர் ஒரு மூலையில் உருகிக் கிடந்தது. அவர் மடியில் ஒரு முடிக் கொத்து. வெறும் கொத்து இல்லை, அடியில் வலை மாதிரி ஒன்று, ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. அவர் உச்சந்தலை முழுக்க வழுக்கை. பசை காய்ந்த கோடு மட்டும் வட்டமாக ஓடியது. சுற்றிலும் டேப், சின்னக் கத்தரிக்கோல், பசையைக் கரைக்கிற அந்த வாடையடிக்கிற பாட்டில்.

"லைட்டை அணை" என்றார். "அணை, அணை, பாக்காத." இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். பூங்காவில் பார்த்த அதே மாதிரி. குல்லா, அட்சதை, மொட்டை, வெந்நீர் ஊற்று எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. நான் எப்பேர்ப்பட்ட மக்கு. கட்டி என்று நினைத்து அழுதேனே.

"இருபத்தேழு வயசுலயே போச்சு" என்றார் முழங்காலைப் பார்த்துக்கொண்டு. "சொல்லிடாத பிரவீ. யார்கிட்டயும் சொல்லிடாத."

அதற்குள் மேசை மேல் அவர் போன் அடித்தது. நேரம் ஆகிவிட்டதால் அத்தையே எல்லோரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டார். தீபன் எழுந்திருக்கவில்லை. நான் போனை எடுத்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன், முந்தானையை இறக்கினேன். ஒரு பக்கம் நேராக, ஒரு பக்கம் சுருட்டையாக. திரையில் அப்பாவும் அம்மாவும் ஒரு கட்டத்தில், அத்தை இன்னொரு கட்டத்தில்.

"தீபன் எங்க புள்ள? ஏதோ முக்கியமான விஷயம்னானே... என்ன புள்ள தலை இது?"

"இதுதானுங்க அத்தை என்ற சொந்த முடி. இந்தப் பக்கம் இழுத்து விட்டது. இந்தப் பக்கம் என்னோடது."

அத்தைக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அப்புறம் பிடித்துக்கொண்டார். "ஏமாத்திப்போட்டீங்களே! சடையை அவுத்துக் காட்டச் சொல்லிப் பாத்தோமே! கூசாம காட்டினயே புள்ள! சம்பந்தி, வாயைத் தொறந்து பேசுங்க. இப்படி மறைச்சுக் கட்டி வச்சா அந்தக் குடும்பம் வெளங்குமா?"

அப்பா கையில் இன்று பேப்பர் இல்லை. "தப்புத்தானுங்க" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அழ ஆரம்பித்தாள்.

அப்பா தலை குனிந்ததும் எனக்குள் இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அத்தை, அவர் பாத்ரூம்லதான் இருக்காருங்க. ஹேர் டிரையர் வெடிச்சுப்போச்சு. நான்தான் கதவைத் தொறந்து உள்ள போனேன்."

அத்தை முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை, அவருக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"பையனுக்கு... ஒண்ணும் ஆகலையே?"

"காது ஓரமா கொஞ்சம் செவந்திருக்குதுங்க. மத்தபடி இருக்கறது அப்படியே இருக்குது."

அப்பாவும் அம்மாவும் டிரையர் வெடித்ததற்குப் பதறினார்கள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, விடுங்க சம்பந்தி. முடியில என்ன இருக்குது? சுருட்டையும் லட்சணமாத்தான் இருக்குது. என்னங்க?"

"ஆமாங்க" என்றார் அப்பா, ஒன்றும் புரியாமல்.

ஜூன் 22, திங்கள்

அவர் ஆபீசுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குள் குல்லாவோடு நடமாடுகிறார். காதில் மருந்து தடவிவிடப் போனேன், நானே போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். பாஸ்போர்ட்டை எப்போது எடுத்து வைத்தாரோ, சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேனுங்க."

தலையாட்டினார். என் போன் அடிக்கும்போதெல்லாம் அவர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்கிறார். நிர்மலா அக்கா கூப்பிட்டார். நான் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். பூண்டு ஊறுகாய் பற்றித்தான் பேசினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்றே சிரித்தேன். இன்னும் கொஞ்சம் நேரம் பேசினேன்.

சாயங்காலம் கேட்டார். "அப்ப நீ என்னமோ சொன்ன மாதிரி இருந்துச்சு. வெளிய நின்னு."

"போர்டுல செருகாதீங்கன்னு சொன்னேனுங்க."

"கத்திச் சொல்லியிருக்கலாமே."

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். இவ்வளவு நாளும் இவரைப் பார்த்துத்தான் பயந்தேன். இன்று பால்கனியில் சிரித்தேனே, அந்தப் பெண்ணைப் பார்த்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடுவேன் என்று டிக்கெட்டைக் காட்டியவருக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

ஜூன் 23, செவ்வாய்

இனி விடியலில் எழ வேண்டியதில்லை. ஆனாலும் விழித்துக்கொண்டேன். பக்கத்தில் அவர் இல்லை. வாஷ்பேசின் அறையில் வெளிச்சம். கதவு தாழ் போடாமல் ஒருக்களித்திருந்தது.

இன்னொரு ஒட்டுமுடி வைத்திருந்திருக்கிறார். தலையில் பசை தடவி, கண்ணாடிக்கு முன்னால் நின்றார். இன்று ஆபீசுக்குப் போயே ஆக வேண்டும். டிரையர் இல்லை, பசை காயவில்லை. என்னைக் கண்ணாடியில் பார்த்ததும் கை தலைக்குப் போனது, பாதியில் நின்றது.

"பின்னால சரியா இருக்கான்னு... பாரு" என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கதவைப் பார்த்தேனே, அந்தப் பயம்தான் அதில் இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக் விசிறியை எடுத்து வந்தேன். பசை காயும் வரைக்கும் விசிறினேன். பிறகு முடியை வைத்து, பின் ஓரத்தை என் விரலால் அழுத்திவிட்டேன். அவர் தலையை நான் தொட்டது இதுதான் முதல் தடவை. அவர் பின்னால் நகர்ந்துகொள்ளவில்லை.

"முன்னால ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டேன். "இல்ல, சரியா இருக்கு" என்றார்.

டிக்கெட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, கேட்கப் பயம். நான் சொல்லவில்லை, எனக்கே இன்னும் தெரியாது. வியாழக்கிழமை வரை அது அப்படியே இருக்கட்டும். பாஸ்போர்ட்டை என் பெட்டிக்குள் எடுத்து வைத்துவிட்டேன். டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனதால் சட்னி கிடையாது, பொடி தொட்டுத்தான் இட்லி சாப்பிட்டார். அவர் கிளம்பியதும் தலைக்குக் குளித்தேன். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடி தானாகக் காய்ந்துகொண்டிருக்கிறது.